சீட்டு கிடைத்துவிட்டது… எங்கே தங்குவது?

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த அன்று நம் பள்ளிகளில் நடப்பது நமக்கெல்லாம் தெரியும். மதிப்பெண் பட்டியலைப் பார்க்கிறோம், இனிப்பு கொடுக்கிறோம், எந்தப் பாடப்பிரிவு, எந்தக் கல்லூரி என்று பேசுகிறோம். விண்ணப்பிக்க உதவுகிறோம். சேர்க்கை ஆணை கைக்கு வந்ததும், "நல்லா படி" என்று வாழ்த்தி அனுப்பிவிட்டு அடுத்த பிளஸ் டூ வகுப்புக்குள் நுழைந்துவிடுகிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன்.

தருமபுரி மாவட்டத்தில் ஒரு கிராமத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் ஆசிரியராகப் பணிபுரிகிறேன். 2022இல் என் வகுப்பு மாணவி ஒருத்திக்குச் சேலத்தில் ஓர் அரசுக் கல்லூரியில் பி.காம். இடம் கிடைத்தது. அவள் வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் பிள்ளை அவள்தான். அப்பா கட்டட வேலை, அம்மா நூறு நாள் வேலை. சேர்க்கை ஆணையோடு என்னிடம் வந்தபோது, "எங்கம்மா தங்கப்போற?" என்று கேட்டேன். "சேலத்துல எங்க சித்தி வீடு இருக்குது டீச்சர்" என்றாள். "அப்புறம் என்ன, கவலையே இல்ல!" என்றேன். அந்த ஒரு வாக்கியத்தோடு அவள் தங்குமிடம் பற்றிய என் வழிகாட்டல் முடிந்தது.

அக்டோபரில் ஒரு நாள் எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். படிப்பை நிறுத்திவிட்டு வந்து மூன்று வாரம் ஆகிறது என்றாள். காரணம் கேட்டேன். தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். சித்தி நல்லவர்தான். ஆனால் சித்தியும் சித்தப்பாவும் வேலைக்குப் போகிறவர்கள். இரண்டு வயதுக் குழந்தை இருந்தது. வீடு ஒரே அறை. காலையில் சமையலுக்கு உதவி, மாலையில் வந்ததும் குழந்தை, இரவு எல்லோரும் படுத்த பின் விளக்குப் போட முடியாது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் கல்லூரிக்கு விடுப்பு. வருகைப்பதிவு குறைந்து, முதல் பருவத் தேர்வு எழுத முடியாது என்று ஆனதும் ஊருக்குத் திரும்பிவிட்டாள்.

"சும்மா சோறு போட்டு வச்சிருக்காங்க, அவங்ககிட்ட எப்படி டீச்சர் முடியாதுன்னு சொல்றது?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

அடுத்த வாரம் விசாரித்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. அவள் கல்லூரியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையின் கல்லூரி மாணவியர் விடுதி ஒன்று இருந்தது. தங்குவதும் சாப்பாடும் இலவசம். அவளுக்குத் தகுதியும் இருந்தது. அவளுக்கு அது தெரியாது. அவள் அப்பாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. மூவரில் தெரிந்திருக்க வேண்டியவள் நான்தான்.

அந்தக் குற்ற உணர்விலிருந்து உருவானதுதான் கீழே நான் எழுதியிருக்கும் நான்கு பாடவேளைச் செயல்பாடு. 2023 ஜனவரி முதல் ஆண்டுதோறும் பிளஸ் டூ மாணவர்களுக்கு, அரையாண்டுத் தேர்வு முடிந்த பின், வாரத்துக்கு ஒரு பாடவேளை என்று நடத்திவருகிறேன். 'நான் முதல்வன்' திட்டத்தில் எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்ற வழிகாட்டல் நன்றாகவே நடக்கிறது. அதோடு 'எங்கே தங்குவது' என்பதையும் சேர்த்துக்கொண்டால் போதும் என்பதே என் அனுபவம்.

முதல் பாடவேளை: எத்தனை வழிகள்?

கரும்பலகையில் ஒரே கேள்வி: "நம் ஊரிலிருந்து 60 கிலோமீட்டர் தூரத்துக் கல்லூரியில் இடம் கிடைத்தால், எங்கே இருந்து படிப்பாய்?" மாணவர்களே சொல்லச் சொல்ல ஆறு வழிகள் வந்தன. தினமும் வீட்டிலிருந்து போய்வருவது, உறவினர் வீடு, கல்லூரி விடுதி, அரசு நலத்துறை விடுதி, தனியார் விடுதி, நண்பர்களோடு அறை எடுத்துத் தங்குவது.

ஒவ்வொரு வழிக்கும் ஒரு குழு. அதில் கிடைப்பது என்ன, இழப்பது என்ன என்று இரண்டு பக்கமாக எழுத வேண்டும். ஒரு விதி மட்டும் சொல்வேன்: பணத்தை மட்டும் எழுதக் கூடாது. நேரம், தூக்கம், படிக்க இடம், பாதுகாப்பு, பிறரிடம் பட்டிருக்கும் கடன் இவற்றையும் எழுத வேண்டும்.

முதல் ஆண்டு இதை நடத்தியபோது ஒரு மாணவன், "டீச்சர், நான் இதுவரைக்கும் வீட்ட விட்டு வெளிய ஒரு ராத்திரி கூடத் தங்குனதில்ல" என்றான். வகுப்பு சிரித்தது. "இன்னும் யாரெல்லாம் அப்படி?" என்று கேட்டேன். பாதிக்கு மேல் கை தூக்கினார்கள். சிரிப்பு நின்றுவிட்டது. தங்குமிடத்தைப் பற்றிப் பேசுவது எவ்வளவு தேவை என்று எனக்கு உறுதியானது அப்போதுதான்.

இரண்டாம் பாடவேளை: முழு ஆண்டுக் கணக்கு

இது என் பாடத்தோடு ஒட்டியது. கணித ஆசிரியர்களும் எளிதாக நடத்தலாம். தொகைகளை நானே பயிற்சிக்காக வைத்துக்கொள்வேன். உண்மைத் தொகையை அந்தந்தக் கல்லூரியில் கேட்டு மாற்றிப் போட வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன்.

தனியார் விடுதி: உணவோடு மாதம் 6,000 ரூபாய். 10 மாதத்துக்கு 60,000. முன்பணம் 6,000. காலி செய்யும்போது அதில் 1,000 பிடித்துக்கொள்வார்கள் என்றால் உண்மைச் செலவு 61,000. ஆனால் சேரும் நாளில் கையில் வேண்டியது முதல் மாதமும் முன்பணமும் சேர்த்து 12,000.

கல்லூரி விடுதி: அறை, பராமரிப்புக் கட்டணம் ஆண்டுக்கு 12,000. உணவு மாதம் ஏறத்தாழ 3,500 என்றால் 10 மாதத்துக்கு 35,000. மொத்தம் 47,000. திரும்பக் கிடைக்கும் காப்புத்தொகை 3,000 தனி.

இங்கே 'டிவைடிங் சிஸ்டம்' என்றால் என்ன என்று சொல்லிக்கொடுப்பது முக்கியம். பல கல்லூரி விடுதிகளில் உணவுக்கு நிலையான கட்டணம் கிடையாது. அந்த மாதம் ஆன செலவைச் சாப்பிட்டவர்களுக்குப் பங்கிடுவார்கள். 120 பேருக்கு 4,20,000 ரூபாய் செலவானால் தலைக்கு 3,500. அடுத்த மாதம் 100 பேர்தான் சாப்பிட்டார்கள், செலவு 3,80,000 என்றால் தலைக்கு 3,800. சமையலர் சம்பளம் போன்ற செலவுகள் ஆள் குறைந்தாலும் குறையாது என்பதால் பங்கு கூடுகிறது. இது தெரியாத பெற்றோர், "போன மாசத்தைவிட எப்படிக் கூடுச்சு? புள்ள ஏதோ செலவு பண்ணுது" என்று சந்தேகப்படுகிறார்கள். வீட்டில் சண்டை அங்கே ஆரம்பிக்கிறது.

நண்பர்களோடு அறை: வாடகை 8,000. நான்கு பேருக்குத் தலைக்கு 2,000. முன்பணம் 30,000 என்றால் தலைக்கு 7,500. கேட்க மலிவு. "ஒருத்தன் நடுவுல போயிட்டா?" என்று கேட்பேன். வாடகை தலைக்கு 2,667 ஆகிறது. அவனுக்கு 7,500 முன்பணத்தை யார் திருப்பித் தருவது? சமையல், பாத்திரம், கேஸ், மின்கட்டணம்? பையன்கள் இந்த இடத்தில்தான் யோசிக்கத் தொடங்குகிறார்கள்.

தினசரிப் பயணம்: அரசுக் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயண அட்டை உண்டு. ஆக, செலவு பூஜ்யம் என்று குழு எழுதியது. நேரத்தைக் கணக்கிடச் சொன்னேன். போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி. மாதம் 22 நாள், 10 மாதம். மொத்தம் 1,100 மணி நேரம். 24ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 46 முழு நாட்கள். ஓர் ஆண்டில் 46 பகலும் 46 இரவும் பேருந்திலேயே இருப்பது போல. ஒரு மணி நேரத் தூரம் என்றால் தினசரிப் பயணம் நல்ல வழிதான். இரண்டரை மணி நேரம் என்றால் அது வேறு கணக்கு.

உறவினர் வீட்டுக் குழுவும் பூஜ்யம் என்றுதான் எழுதியது. அப்போது பெயர், ஊர் சொல்லாமல், அடையாளம் தெரியாதபடி மாற்றி, அந்த மாணவியின் கதையைச் சொன்னேன். உறவினர் வீடு கூடாது என்று சொல்லவில்லை. அங்கே படிக்கத் தனி இடம் உண்டா, வீட்டு வேலையில் பங்கு எவ்வளவு, மாதம் ஒரு தொகையாவது கொடுப்போமா என்பதைப் பெரியவர்கள் முன்கூட்டியே பேசி முடிவு செய்ய வேண்டும் என்றுதான் சொன்னேன். சிறு தொகையோ ஒரு மூட்டை அரிசியோ கொடுத்துத் தங்கும் பிள்ளைக்கு, "நாளைக்கு எனக்குப் பரீட்சை" என்று சொல்லும் தைரியம் வருகிறது.

மூன்றாம் பாடவேளை: தெரிந்திருக்க வேண்டிய விதிகள்

இந்தப் பாடவேளையில் நான்தான் அதிகம் பேசுவேன். சக ஆசிரியர்களுக்கும் பயன்படும் என்பதால் சுருக்கமாகத் தருகிறேன்.

ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர், சிறுபான்மையினர் நலத் துறைகள் கல்லூரி மாணவ மாணவியருக்குத் தனித்தனி விடுதிகள் நடத்துகின்றன. இவை அனைத்தும் சமூகநீதி விடுதிகள் என்று அழைக்கப்படும் என 2025 ஜூலையில் அரசு அறிவித்தது. பெற்றோர் ஆண்டு வருமான வரம்பு உண்டு. பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே குறைந்தது 8 கிலோமீட்டர் இருக்க வேண்டும் என்ற விதி மாணவர்களுக்கு உண்டு, மாணவியருக்கு இல்லை. முகாம் வாழ் இலங்கைத் தமிழர் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு விடுதியிலும் 5 இடங்கள் தனியாக உண்டு. விண்ணப்ப அறிவிப்பைக் கல்லூரி இருக்கும் மாவட்டத்தில் பார்க்க வேண்டும், நம் மாவட்டத்தில் அல்ல. பலர் தவறவிடும் இடம் இதுதான். அந்த மாவட்ட நல அலுவலகத்திலோ விடுதிக் காப்பாளரிடமோ கேட்கலாம். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படங்களை ஏப்ரலுக்குள் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஜூனில் இ-சேவை மையத்தில் கூட்டம் தாங்காது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு இட ஒதுக்கீட்டில் பொறியியல் போன்ற தொழிற்படிப்பில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. விடுதிக் கட்டணத்துக்குப் பயந்து தொலைவில் உள்ள நல்ல கல்லூரியைக் கலந்தாய்வில் தவிர்க்கும் பிள்ளைகளிடம் இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

2022 செப்டம்பர் 5இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், 2024 ஆகஸ்டு 9இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. பத்து மாதக் கணக்கில் இந்தப் 10,000 ரூபாயையும் வரவுப் பக்கம் எழுத வேண்டும்.

பெண்கள் தங்கும் தனியார் விடுதிகளுக்குத் தமிழ்நாட்டில் 2014ஆம் ஆண்டு இயற்றிய சட்டப்படி மாவட்ட ஆட்சியரின் உரிமம் தேவை. "உரிமத்தைக் காட்டுங்கள்" என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. கேட்டால் முகம் சுளிக்கும் இடத்தில் பிள்ளையை விட வேண்டாம்.

ராகிங்குக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 1997 முதல் தனிச் சட்டம் உள்ளது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிகளும் உள்ளன. கல்லூரியில் சேரும்போது மாணவரும் பெற்றோரும் உறுதிமொழி தர வேண்டும். விடுதி அறையில் நடந்தாலும் அது ராகிங்தான். நாள் முழுதும் இயங்கும் இலவச எண் 1800-180-5522. மகளிர் உதவி எண் 181. இந்த இரண்டையும் கைப்பேசியில் மட்டுமல்லாமல், நோட்டிலும் எழுதச் சொல்வேன். கைப்பேசி தொலைந்த நாளில் நோட்டு உதவும்.

நான்காம் பாடவேளை: கேட்கத் தெரிய வேண்டும்

ஒரு மாணவர் விடுதிக் காப்பாளர், ஒருவர் பெற்றோர், ஒருவர் மாணவர். வகுப்பின் நடுவே நடிக்க வேண்டும். முதல் சுற்றில் எல்லோரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "ஃபீஸ் எவ்வளவுங்க?" அதற்குப் பின் அமைதி. இரண்டாம் சுற்றுக்கு முன் குழுவாகக் கேள்விகளைத் தயாரிக்கச் சொல்வேன். மூன்று ஆண்டுகளில் மாணவர்களே சேர்த்த பட்டியல் இது:

1. ஓர் அறையில் எத்தனை பேர்? பூட்டும் அலமாரி உண்டா?
2. காலை 6 மணிக்குத் தண்ணீர் வருமா? எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை?
3. இரவு எத்தனை மணிக்குக் கதவு அடைப்பார்கள்? பேருந்து தாமதமானால் யாரிடம் சொல்ல வேண்டும்?
4. இரவில் காப்பாளர் அங்கேயே தங்குகிறாரா?
5. உடம்பு சரியில்லை என்றால் மருத்துவமனைக்கு யார் அழைத்துப் போவார்கள்?
6. பரீட்சை நாட்களில் இரவில் விளக்குப் போட்டுப் படிக்க இடம் உண்டா?
7. ஞாயிறு, பண்டிகை விடுமுறையில் சமையல் உண்டா, விடுதியை மூடுவார்களா?
8. நாப்கின் அகற்ற என்ன வசதி?
9. முன்பணத்துக்கு ரசீது தருவார்களா? காலி செய்ய எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும்?
10. இப்போது அங்கே தங்கியிருக்கும் ஒரு மாணவியிடம் பேசலாமா?

எட்டாவது கேள்வியைச் சேர்த்தவள் ஒரு மாணவி. பத்தாவதைச் சேர்த்தவன், வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன். முடிந்தால் மாலை ஆறு மணிக்கு மேல் ஒருமுறை இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறேன். பகலில் நன்றாக இருக்கும் தெரு, விளக்கு இல்லாத இரவில் வேறு தெரு.

பெற்றோரோடு ஒரு மாலை

இவ்வளவும் நடத்தினாலும் முடிவு எடுப்பவர்கள் பெற்றோர். பிப்ரவரியில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தை ஒட்டி அரை மணி நேரம் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். கடந்த ஆண்டு ஒரு தந்தை எழுந்து, "பொம்பளப் புள்ளய ஆஸ்டல்ல விட்டா ஊர்ல என்ன பேசுவாங்க டீச்சர்? நீங்க சுலபமா சொல்லிட்டுப் போயிருவீங்க" என்றார். நான் பதில் சொல்லவில்லை. பின்வரிசையில் அந்த 2022ஆம் ஆண்டு மாணவியின் அப்பா உட்கார்ந்திருந்தார். நான்தான் வரச் சொல்லியிருந்தேன். அவர் எழுந்து, "ஊரு பேசுமுன்னுதான் நானும் சொந்தக்காரங்க வீட்டுல விட்டேங்க. எம்புள்ளைக்கு ஒரு வருசம் போச்சு. ஊரு அத திருப்பித் தரலீங்க" என்றார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

அந்தத் தந்தை மகளை விடுதியில் சேர்த்தாரா? இல்லை. தினமும் போய்வரும் தூரத்தில் உள்ள கல்லூரியில் சேர்த்தார். அதையும் நான் தோல்வி என்று நினைக்கவில்லை. பேருந்து நேரத்தையும் கல்லூரி நேரத்தையும் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் எடுத்தார். அவள் படிக்கிறாள்.

முதல் ஆறு வாரம்

சேர்த்துவிட்டால் வேலை முடியவில்லை. என் அனுபவத்தில் பிள்ளைகள் திரும்பி ஓடிவர நினைப்பது முதல் ஆறு வாரத்தில்தான். சாப்பாடு பிடிக்காது, தூக்கம் வராது, வீட்டு நினைப்பு. அந்த நாட்களில் வாரம் ஒருமுறை இரண்டு நிமிடம் பேசுகிறேன். "எப்படி இருக்க?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன் டீச்சர்" என்றுதான் வரும். "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்ட? யாரோட சாப்பிட்ட?" என்று கேட்டால் உண்மை வரும். யாரோடும் இல்லை என்றால் இன்னொரு முறை பேச வேண்டும் என்று அர்த்தம். அப்படியும் ஒரு மாணவன் ஒன்பதாம் நாளே திரும்பி வந்துவிட்டான். மூன்று முறை வீட்டுக்குப் போய்ப் பேசினேன், பலிக்கவில்லை. அருகில் உள்ள ஐ.டி.ஐ.யில் சேர்ந்து படிக்கிறான்.

இன்னொரு பழக்கம், முன்னாள் மாணவர் நோட்டு. கல்லூரி, தங்கிய இடம், மாதச் செலவு, நல்லது, கெட்டது என ஒரு பக்கத்துக்கு ஒருவர். தொடர்பு எண்கள் மட்டும் என்னிடம் தனியாக இருக்கும். குறிப்பாக மாணவியர் எண்ணை யாருக்கும் தருவதில்லை, நானே அழைத்துப் பேச வைக்கிறேன். எந்தக் கையேட்டையும்விட அந்த நோட்டுதான் அதிகம் உதவுகிறது.

தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கும் இதில் பங்கு உண்டு. தன் தட்டைத் தானே கழுவுவது, தன் துணியைத் துவைப்பது, பத்து ரூபாய்க்குக் கணக்கு எழுதுவது, தெரியாத பெரியவரிடம் நிமிர்ந்து நின்று ஒரு கேள்வி கேட்பது. இவை ஐந்தாம் வகுப்பில் பழகினால் விடுதி வாசலில் பிள்ளை திகைத்து நிற்காது.

அந்த மாணவி 2023இல் மீண்டும் விண்ணப்பித்து அதே கல்லூரியில் சேர்ந்தாள். இம்முறை அந்த மாணவியர் விடுதியில் இடம் கிடைத்தது. விடுதியில் சேர்த்துவிட்டு வர அவள் அப்பாவோடு நானும் போயிருந்தேன். கட்டிலில் பையை வைத்துவிட்டு, ஜன்னலோரம் இருந்த மேசையைத் தொட்டுப் பார்த்தாள். "இங்க உக்காந்து படிக்கலாம் டீச்சர்" என்றாள்.

முன்னாள் மாணவர் நோட்டின் முதல் பக்கம் அவள் எழுதியது. 'நல்லது' என்ற இடத்தில், "ராத்திரி பத்து மணிக்கு மேலும் விளக்கு எரியும்" என்று எழுதியிருக்கிறாள்.